வைப்ரேட்டர் இரைந்த வீடு

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் தனக்கென்று வாய் திறந்து ஒன்றைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர். "உப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அறுந்தா போவும்?" என்று நான்தான் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் இரண்டு பேருக்குமான பேச்சை நான் ஒருத்தியே பேசித் தீர்ப்பதாக ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "நமக்கு ஒரு ரேடியோ வாங்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சுசீந்திரத்துக்குக் கிழக்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. அப்போது நாங்கள் மதராஸ்காரர்கள் ஆகியிருக்கவில்லை. திருவனந்தபுரம்தான் எங்களுக்குத் தலைநகரம். இவர் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு வாத்தியாராக வந்திருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமனாரும்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமனார் விவசாயி. அவருக்கு நெல்லைத் தவிர வேறெதன் மேலும் மரியாதை கிடையாது.

"ஊருக்குள்ள கரண்டே வரல்ல. ரேடியோ எதுல பாடும், வெளக்கெண்ணெயிலயா?" என்று கேட்டார் மாமனார்.

"பேட்டரியில பாடும்ப்பா" என்றார் இவர்.

"பாடி?"

இவர் இடித்த புளி மாதிரி நின்றார். எனக்கும் அதே கேள்விதான். பாட்டுக் கேட்கிற மனிதரும் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு நாகஸ்வரக் கச்சேரி நடந்தால் பாதியில் எழுந்து வருகிறவர். ஆனால் ஒன்றும் கேட்காதவர் ஒன்று கேட்டுவிட்டார். அதற்குக் காரணம் கேட்பது எனக்கே நியாயமாகப் படவில்லை. மாமனாரிடம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கினேன்.

நாகர்கோவிலுக்குப் போகும்போது என்னையும் வரச் சொன்னார். "கடைக்கு நான் எதுக்கு?" என்றதற்கு, "நீ வா. நீ கேட்டுச் சொல்லணும்" என்றார். அட, நம்ம காதுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கடை மணிமேடைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கடைக்காரர் பட்டாளத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு, சண்டை முடிந்து ஊர் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவராம். பேச்சும் ராகம் போட்டுத்தான் வந்தது. ரேடியோப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கஷ்டமே இல்லை. அவரிடம் பேட்டரியில் பாடுகிற பெட்டி ஒன்றுதான் இருந்தது. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"சாரே, ஒண்ணு கேளுங்கோ" என்றார் கடைக்காரர். "இந்தப் பெட்டிக்குள்ள இருக்கப்பட்ட வால்வுக்குத் தொண்ணூறு வோல்ட் வேணும். நம்மகிட்ட இருக்கது கார் பேட்டரி. அது ஆறு வோல்ட்டாக்கும். ஆறு எப்படித் தொண்ணூறு ஆவும்?"

இவர் வாத்தியார் அல்லவா, கணக்கு மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து, "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"அம்மா வயக்காட்டு ஊருதானே? வாய்க்கால் தாழக் கெடக்கு, வயல் மேட்டுல கெடக்கு. என்ன செய்வியோ?"

"இறவை போட்டு இறைப்போம்."

"அவ்வளவுதான் காரியம். ஆறுல கெடக்கத எறைச்சு எறைச்சுத் தொண்ணூறுக்கு ஏத்தணும். அதுக்கொரு பெட்டி வேணும். எங்கிட்ட ரெண்டு தினுசு உண்டும். எறைக்கவே வேண்டாம்னா டிரை பேட்டரி உண்டும். அதுல தொண்ணூறு தன்னால இருக்கும். மூணையும் போட்டுக் காட்டுதேன். நீங்க கேட்டுப் பாத்து எடுங்கோ."

முதலில் எடுத்து வைத்தது பட்டாளத்துப் பச்சை நிறத்தில் ஒரு உருளை. உள்ளே மோட்டார் சுற்றி மின்சாரத்தை ஏற்றுமாம். சுவிட்சைப் போட்டாரோ இல்லையோ, அரிசி மில் முழுவதும் கடைக்குள் வந்துவிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். "இது விமானத்துல வச்சது. ஆகாசத்துல யாரு கேக்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டே அவரே நிறுத்திவிட்டார்.

இரண்டாவது, செங்கல் அளவில் தகரப் பெட்டி. பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டைகள். அதன் பெயர் வைப்ரேட்டர். உள்ளே ஒரு சின்னத் தகடு விடாமல் துடிக்கும், அந்தத் துடிப்பில்தான் ஆறு தொண்ணூறாகிறது என்றார். சுவிட்சைப் போட்டதும் 'ங்...' என்று ஒரே சுருதியில் இரைந்தது. தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட பொன்வண்டு மாதிரி. பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பாட்டுக்கு அடியில் வண்டும் விடாமல் பாடியது.

மூன்றாவதாக டிரை பேட்டரி. பெரிய அட்டைப் பெட்டி. கடைக்காரர் வைப்ரேட்டரைக் கழற்றிவிட்டு ஒயர்களை இதில் மாட்டினார். "இது தீந்துபோனா வேற வாங்கணும், அது எப்பம் வரும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதுங்கோ. ஆனா சத்தம்னு பேச்சுக்கு எடமில்ல" என்றார். இவர் தலையைச் சாய்த்து, பெட்டிக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனார்.

"லேசா ஒரு இரைச்சல் இருக்கே" என்றார் இவர். "முன்ன கேட்ட அதே இரைச்சல்தான்."

கடைக்காரர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"சாரே, நான் இன்னும் சுவிச்சே போடல்ல!"

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. சிரிப்புக்கு வெட்கப்பட்ட முகம் இல்லை அது. எதையோ ரொம்ப நாளாக மடியில் ஒளித்து வைத்திருந்து, சந்தையில் வைத்து அவிழ்ந்துவிட்டவரின் முகம்.

"வாசல்ல இத்தனை வண்டி போவுது, இரைச்சல் கேக்காம என்ன செய்யும்? கடைய நல்ல எடத்துல போட வேண்டியதுதானே" என்று கடைக்காரர் மேல் பாய்ந்தேன். அவர் பாவம், "செரிதான், செரிதான்" என்று அடங்கிவிட்டார்.

அப்புறம் இவர், "அந்த வைப்ரேட்டரை இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டதும் அது இரைந்தது. இவர் என் பக்கம் திரும்பினார்.

"இது உனக்குக் கேக்குதா?"

"கேக்காம? நல்லாவே கேக்குது."

"எப்படிக் கேக்குது?"

"வண்டு மாதிரி."

"விட்டு விட்டுக் கேக்குதா, ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான்."

அவர் முகம் அப்படியே தளர்ந்தது. காய்ச்சல் விட்டு வேர்க்கும்போது வருமே ஒரு தெளிவு, அப்படி. "அப்பம் இதுவே இருக்கட்டும்" என்றார். கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாரும் சத்தமில்லாததத்தான் கேப்பாவ. இரைச்சலுக்காக வாங்குத ஆளை இப்பந்தான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

ஆசிட் பேட்டரியை பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். எங்கள் ஊர் மாட்டு வண்டி ஒன்று சந்தைக்கு வந்திருந்தது. அதில் வைக்கோலைப் பரப்பி, பேட்டரி சரிந்துவிடாமல் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தோம். இவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வண்டிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "அக்காவுக்கு மேலுக்கு முடியல்லியா?" என்று கேட்டார்.

நான் பேசாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் காதுக்குள் சத்தம் கேட்டவர் ஒருவர் ஏற்கெனவே இருந்திருக்கிறார். மாமனாரின் தம்பி, இவருக்குச் சித்தப்பா. மணி அடிக்கிறது, மணி அடிக்கிறது என்று சொல்லித் தலையைச் சுவரில் முட்டுவாராம். பைத்தியம் என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். சித்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு நாள் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஆரல்வாய்மொழிப் பக்கம் நடந்தவர் திரும்பி வரவில்லை. இவர் அப்போது சின்னப் பையன். சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் வைக்கிற வேலை இவருக்கு. கல்யாணமான புதிதில் இதை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும், "அது குடும்பத்துல வரும்பாவ" என்றார்.

இப்போது வந்திருக்கிறது. தனக்குள் வண்டு இரைகிறது, அது வெளியே எங்கும் இல்லை என்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். வெளியே சொன்னால் ஊர் என்ன சொல்லும், வேலை என்னவாகும், நான் என்ன செய்வேன் என்றெல்லாம் நினைத்திருப்பார். நானும் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றுகூட நினைத்திருப்பார். அதை நினைக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் அழுகையும் வந்தது. அவராகச் சொல்லட்டும், அதுவரை நான் கேட்கக் கூடாது என்று வண்டியிலேயே முடிவு செய்தேன். என் சுபாவத்துக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

ரேடியோவை உள்கூடத்தில் பத்தாயத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். நெல் போட்டு வைக்கிற அந்த மரப்பெட்டி எங்கள் வீட்டில் ஆள் உயரம் இருக்கும். சாயங்காலமானால் கொழும்பு, திருச்சி என்று மாறி மாறிப் பாட்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் வைப்ரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. இவர் அதற்குக் கிட்டே நாற்காலியைப் போட்டுப் பரீட்சைத் தாள் திருத்துவார். பாட்டை அவர் கவனித்த மாதிரியே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் தோள்கள் இறங்கியிருக்கும், நெற்றியில் சுருக்கம் இருக்காது. நான் சொன்ன ஒன்றிரண்டு குசும்புக்குச் சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு அந்த இரைச்சல் மேல் பிரியமே வந்துவிட்டது.

பேட்டரி இறங்கிவிட்டால் அரிசி மில்லுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடவேண்டும். அது அங்கே கிடக்கிற நாட்களில் வீடு சத்தமில்லாமல் இருக்கும். அப்போதுதான் எனக்குப் பயம். இவர் உட்கார மாட்டார். வயல் வரப்பில் போய் நடப்பார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உள்ளங்கையால் காதை அடித்துக்கொள்வார். நான் அடுக்களையில் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுவேன். "ஏட்டி, பாத்திரத்துக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்பார் மாமனார்.

மாமனாருக்கு வைப்ரேட்டரைக் கண்டாலே ஆகாது. "பாட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இந்தச் சவம் எதுக்கு எரைஞ்சிட்டுக் கெடக்கு?" என்பார். துணியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். சாக்கின் மேல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. மாசி மாதக் கும்பப்பூ அறுவடை முடிந்து பத்தாயம் நிறைந்தது. ஒரு நாள் இவர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மாமனார் பத்தாயத்தைத் திறந்து, நெல்லைக் கையால் தோண்டி, வைப்ரேட்டரை உள்ளே இறக்கி, மேலே நெல்லைத் தள்ளி மூடினார். ஒயர் மட்டும் வெளியே வந்தது.

"என்ன மாமா இது?"

"மாங்காய எங்க போட்டுப் பழுக்க வைக்கோம்? நெல்லுலதானே. சூட்ட அடக்கும், வாசத்த அடக்கும். இது எம்மாத்திரம்?"

எனக்கு அப்போதே தடுக்கவேண்டும் என்று தோன்றாமலில்லை. ஆனால் எங்கள் ஊரில் நெல் செய்யாத காரியம் உண்டா? சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். நெல் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. ரேடியோ மட்டும் தெள்ளத் தெளிவாகப் பாடியது. மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். மகன் வந்த பிறகு காட்டவேண்டுமாம். பக்கத்து வீடுகளுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் இவர் வந்து கைகால் கழுவி உட்கார்ந்தார். கூடம் நிறைய ஆள். மாமனார் சுவிட்சைப் போட்டார். கொழும்பிலிருந்து ஒரு பெண் குரல் தனியாக வந்தது.

"எங்க, இப்பம் சொல்லுங்க. இரைச்சல் கேக்குதா?"

"இல்ல பாட்டா, ஒண்ணும் கேக்கல்ல" என்றார்கள் எல்லோரும்.

"ஏலே, ஒனக்குக் கேக்குதா?"

இவர் பாட்டைக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். தகரப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். அது அங்கே இல்லை. எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "இல்லப்பா" என்றார். கொஞ்சம் பொறுத்து எழுந்து பின்வாசல் வழியாகப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் மூடி வைத்திருந்த வாயை இன்னும் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

"எல்லாரும் நின்னுட்டுன்னு சொல்லுதாவ" என்றார்.

"ம்."

"எனக்கு நிக்கல்ல."

"தெரியும்."

திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்பம் தெரியும்?"

"கடையில வச்சே தெரியும். சுவிச்சு போடாத பெட்டி உங்களுக்குப் பாடினப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கல்லியே."

"ஊர் ஒலகத்துல யாரையாவது கேட்டுப் பாருங்க, நான் இத்தனை நாள் எதையாவது கேக்காம இருந்திருக்கனா? உங்களுக்காகத்தான் இருந்தேன். வாயெல்லாம் புண்ணாப் போச்சு."

அவர் சிரிக்க முயன்றார். அது அழுகையாக மாறிவிட்டது. பேச்சே இல்லாத மனிதர் அன்று பேசினார். மலைப்பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாளாக இரைகிறதாம். பிள்ளைகளின் கூச்சலில் ஒன்றும் தெரியாதாம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் தொடங்குமாம். ஏதாவது ஒரு சத்தம் வீட்டில் இருந்தால் தேவலை என்றுதான் ரேடியோ கேட்டாராம். வைப்ரேட்டரைக் கேட்டதும், தன் காதுக்குள் இருப்பது வெளியே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்ததாம்.

"அது இரையும்போ என்னோடது தெரியாது" என்றார். "எல்லாருக்கும் கேக்கதுதானே எனக்கும் கேக்குதுன்னு இருக்கும். இப்பம் அதையும் நெல்லுக்குள்ள போட்டுட்டாவ. நான் சித்தப்பா மாதிரி ஆயிருவேனா?"

"ஆனா ஆவுங்க. நான் எங்கயும் போமாட்டேன்" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றடியில், பகல் வெளிச்சம் போகுமுன், நாலு வீட்டுக்குத் தெரிகிற இடத்தில். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கூச்சல் வந்தது. பாட்டு நின்றிருந்தது. பத்தாயத்திலிருந்து புகை கசிந்தது. நெல் அவிந்த வாசமும் ரப்பர் கருகிய நாற்றமும் வீடு முழுக்க. மாமனார் பத்தாயத்துக்குள் பாதி உடம்பை விட்டு, "எளவு, எளவு" என்று கத்திக்கொண்டு நெல்லை வாரி வெளியே எறிந்தார். பாட்டுக் கேட்க வந்தவர்கள் தண்ணீர்க் குடத்தோடு ஓடினார்கள். இவர் ஓடிப்போய் முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, நெல்லுக்குள்ளிருந்து கருகிய தகரப் பெட்டி வெளியே வந்தது. அதைச் சுற்றிக் கைப்பிடி நெல் பொரிந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் மாமனாரிடம் நானே சொன்னேன். இவர் தலையைக் குனிந்து நின்றார். மாமனார் திட்டவில்லை. கருகிய நெல்லைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள், காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று.

"பேச்சிப்பாறைப் பக்கம் மலையில பள்ளிக்கூடம். குளிர்காய்ச்சல் வந்துது. கொயினா சாப்பிட்டேன்" என்றார் இவர்.

"எவ்வளவு?"

"விடாமச் சாப்பிட்டேன். சாப்பிட்டாத்தான் எழும்ப முடியும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்கள். "மலேரியாவுக்குக் குடுக்கிற இந்தக் கொயினா கூடிப்போனா காது நரம்பைத் தொடும். அந்த இரைச்சல்தான் இது. புத்திக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முழுசாப் போவும்னு நான் பொய் சொல்லமாட்டேன். சத்தமில்லாத எடத்துல கூடுதலாத் தெரியும், பக்கத்துல ஒரு சத்தம் இருந்தா அடங்கிப் போவும்" என்றார்கள்.

எனக்கு அந்த அம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் 'புத்திக்குச் சம்பந்தம் இல்லியா?' என்று இரண்டாம் தடவை கேட்டார். இல்லை என்று அவர்கள் இரண்டாம் தடவையும் சொன்னார்கள். நாங்கள் எழுந்தோம். மாமனார் எழவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "எனக்கொரு தம்பி இருந்தான். பேச்சிப்பாறை அணைக்கு வேலைக்குப் போனவன். காய்ச்சலோடதான் வந்தான். அவனுக்கும் கொயினாதான் குடுத்தாவ. பொறவு காதுக்குள்ள மணி அடிக்குன்னு சொல்லுவான். அவனுக்கும் இதுவா இருக்குமா?"

"இருக்கலாம். ஆளைப் பாக்காம எப்படிச் சொல்ல? இப்ப எங்க இருக்காரு?"

மாமனார் மேல்துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று, "அவனைத் தூணுல கெட்டினது நானாக்கும்" என்றார். அப்புறம் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இவர் அப்பாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து நேரே ரேடியோக் கடைக்குப் போனோம். கருகிய பெட்டியைப் பையில் கொண்டு வந்திருந்தேன். கடைக்காரர் திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து நெல் கொட்டியது. துடிக்கிற தகட்டின் இடுக்கில் இரண்டு நெல் சிக்கி, தகடு ஒட்டிப் போயிருந்தது.

"சாரே, இதுக்குள்ள விதைச்சிருக்கியளா?"

மாமனார் அந்தத் துக்கத்திலும், "நாந்தான் விதைச்சேன். இரைச்சல் அடங்கட்டும்னு" என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டு அட்டைப் பெட்டியை இறக்கினார். "நான் அண்ணைக்கே சொன்னம்லா? டிரை பேட்டரி எடுங்கோ. நேத்துதான் புதுசு வந்திருக்கு. சத்தமே இல்ல, பாட்டாவும் நிம்மதியாத் தூங்கலாம்." கடையில் அன்றும் ஆட்கள் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். இவர் என்னை முந்திக்கொண்டார்.

"எனக்குக் காதுல எப்பவும் ஒரு இரைச்சல் உண்டும்" என்றார். மெதுவாக இல்லை, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி. "கொயினா சாப்பிட்டதுல வந்தது. அண்ணைக்குச் சுவிச்சு போடாமலே கேட்டுதே, அது அதுதான். வைப்ரேட்டர் இரைஞ்சா அது அடங்கும். அதனால எனக்கு அந்தப் பெட்டியே வேணும்."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "அப்படியா காரியம்? அண்ணைக்குச் சிரிச்சத மனசுல வைக்காதுங்கோ சாரே" என்றார். உள்ளே போய் இரண்டு வைப்ரேட்டர் கொண்டுவந்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சங்கீதக்காரர்கள் சுருதிப் பெட்டி பார்த்து வாங்குவார்களாமே, அப்படி வாங்கினோம். இரண்டாவதுதான் இவர் வண்டுக்குச் சரியான ஜோடி. எடுத்துக்கொண்டோம்.

அதைப் பத்தாயத்தின் மேல், நாலு பக்கமும் காற்றுப் படும்படி மாமனாரே வைத்தார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம். திருச்சியில் கச்சேரி முடிந்து, பாட்டுக் கேட்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ரேடியோவின் சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தது. வைப்ரேட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இவர் மடியில் தாள்களோடு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வருஷக்கணக்கில் நான் பார்க்காத தூக்கம் அது. பேட்டரி வீணாகிறதே என்று நான் சுவிட்சுக்குக் கை கொண்டுபோனேன்.

"கெடக்கட்டு மக்கா" என்றார் மாமனார். அவர் பத்தாயத்தில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தார்.

"பேட்டரி எறங்கிரும் மாமா."

"எறங்கட்டும். மில்லுக்கு நான் தூக்கிட்டுப் போறேன்." கொஞ்ச நேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தம்பிக்கு இப்படி ஒண்ணு வாங்கிப்போட ஆளில்லாமப் போச்சே" என்றார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.